நம்பர்ப் பூட்டு

அம்மன் பெட்டியைத் துலக்கியது தங்கம்மாதான். அதை அவள் மறுக்கவும் இல்லை. வருஷா வருஷம் தேர் ஓடுகிற நாள் காலையில் புளியும் அடுப்புச் சாம்பலும் கலந்து, தேங்காய் நாரால் அந்தப் பெட்டியின் பித்தளைப் பட்டைகளைத் தேய்த்து, புருஷன் வேலப்பனின் தலையில் ஏற்றிக் கோயிலுக்கு அனுப்புவது அவள் வேலை. பூட்டை மட்டும் ஈரத்துணியால் ஒரு துடைப்போடு விட்டுவிடுவாள். இந்த வருஷம் பக்கத்து வீட்டு வேலாயி வாசலில் வந்து நின்று, "பெட்டி கண்ணாடியாட்டம் இருக்கு, பூட்டு மட்டும் பாசி புடிச்சுக் கெடக்கே தங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். வேலாயி வாய் வைத்த காரியம் நல்லபடியாக முடிந்ததாக அந்தத் தேயிலைத் தோட்டத்தில் சரித்திரமே கிடையாது. தங்கம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. பூட்டின் நாலு சக்கரங்களையும் விரலால் உருட்டி உருட்டி, எண்களின் இடுக்கில் இருந்த அழுக்கெல்லாம் போகும்வரை தேய்த்தாள்.

உச்சிப்பொழுதுக்குக் கோயிலில் பெட்டியைத் திறக்க வேண்டும். உள்ளே அம்மனின் பொன் தாலி, வெள்ளிக் கண்மலர், ஒட்டியாணம் எல்லாம் இருக்கின்றன. அவற்றைச் சாத்தினால்தான் அம்மன் தேரேறுவாள். வேலப்பன் குளித்து, ஈர வேட்டியோடு பெட்டி முன் உட்கார்ந்து, பூட்டைக் கையில் எடுத்து, கடைசிச் சக்கரத்தைக் கட்டைவிரலால் ஒரு தட்டு மேலே தள்ளி இழுத்தார். பூட்டு வரவில்லை. ஒரு தட்டு கீழே தள்ளி இழுத்தார். அப்போதும் வரவில்லை. சுற்றி நின்றவர்கள் முதலில் சிரித்தார்கள். நாலாவது தடவை இழுத்தபோது யாரும் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். பழைய பூட்டின் சாவியை வேலப்பன் தேயிலைக் காட்டில் எங்கேயோ தொலைத்தார். லயத்து வீட்டு ஆட்களெல்லாம் செடிக்கு அடியில் கிடந்த மிலாறுக் குச்சிகளை விலக்கித் தேடியும் கிடைக்கவில்லை. சாவியே வேண்டாம் என்றுதான் ஈப்போ டவுனுக்குப் போனபோது இந்த நம்பர்ப் பூட்டை வாங்கி வந்தார். நம்பர் வைத்துக் கொடுத்தது அவர் ஒரே மகள் சரோஜா. பூட்டும்போது வேலப்பன் நாலு சக்கரத்தையும் கலைப்பதில்லை. கடைசிச் சக்கரத்தை மட்டும் ஒரு தட்டு நகர்த்துவார். திறக்கும்போது அதை மறுபடி ஒரு தட்டு தள்ளுவார். இத்தனை வருஷமும் பெட்டி அப்படித்தான் திறந்தது. நம்பர் பூட்டின் மேலேயே இருந்ததால் அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை. அவர் கட்டைவிரலுக்கு வழி தெரியும், அவருக்குத் தெரியாது.

"பூட்டத் தொட்டியா புள்ள?" என்றார் வேலப்பன். குரல் அடங்கித்தான் வந்தது.

"தேச்சேன்."

"சக்கரத்த உருட்டுனியா?"

"உருட்டாம எப்படித் தேய்க்கிறது? ஒங்களுக்கு நம்பரு தெரியும்னுல்ல நெனச்சேன்!"

கூட்டத்தில் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "மொதல்ல சாவியத் தொலச்சாரு, இப்ப நம்பரத் தொலச்சாரு. அடுத்து அம்மனையே தொலச்சிருவாரு போல."

பள்ளிக்கூடத்துச் செல்லையா வாத்தியார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சம்பளப் பேரேட்டில் வேலப்பனின் செக்ரோல் நம்பர், லயத்து வீட்டு நம்பர், தோட்டத்து லோரி நம்பர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். அப்புறம் பூஜ்யத்திலிருந்து வரிசையாகத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து கழுத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"மொத்தம் பத்தாயிரம் இருக்குண்ணே. நான் இன்னும் நூறே தாண்டல. இப்படியே போனா தேரு நாளைக்கு ராத்திரிதான் கெளம்பும்லா."

"நாளைக்கா?" என்றார் பழனியப்பன். அவர் பெரிய கங்காணி, கோயில் தலைவர். "தேர இழுக்கத் தோட்டத்துத் தொர டிராக்டர இன்னைக்கு மட்டுந்தான் குடுத்திருக்காரு. பனி எறங்கறதுக்கு முன்ன தேர் கெளம்பணும். எறங்கிட்டா அந்த மேட்டு வளைவுல டிராக்டரு ஏறாது."

"சீனத் தவுக்கே கடையில அம்மன அடகு வெச்சிட்டு பூட்டு தொறக்கலங்கறாரோ என்னவோ" என்று வேலாயி முந்தானைக்குள் சொன்னது தங்கம்மாவின் காதில் விழுந்தது.

"ஒடைச்சிட்டாப் போவுது" என்றான் ஒருவன்.

பக்கத்தில் நின்றவன் அவன் வாயைப் பொத்தினான். காப்புக் கட்டியது முதல் அவிழ்க்கும்வரை அம்மன் பெட்டிமேல் இரும்பு படக்கூடாது. பட்டால் பெட்டி காக்கிற வீட்டுப் பிள்ளைக்கு ஆகாது. பாட்டன்மார் கப்பலில் வந்த காலத்திலிருந்து இது அந்தக் கோயிலின் பேச்சு. வேலப்பனின் அப்பா காலத்தில் ஒருவன் விளையாட்டாகச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் பெட்டிமேல் வைத்ததற்கே பரிகாரம் செய்தார்கள்.

பழனியப்பன் தாடையைச் சொறிந்தார். "வேற வழி இல்லேன்னா ஒடைக்கத்தான் வேணும். மூணு மணி வரைக்கும் பாப்போம். அப்புறமும் தொறக்கலேன்னா, வேலப்பா, நீதான் ஒங் கையால ஒடைக்கணும். பெட்டி ஒம் பொறுப்பு."

"எம் புள்ளைக்கு..." என்று தங்கம்மா வாயெடுத்தாள்.

"ஒங்களுக்குத்தான் புள்ளயே இல்லியேம்மா" என்றார் பழனியப்பன். அவர் குத்திக் காட்டவில்லை, கணக்குத் தீர்ப்பதுபோலத்தான் சொன்னார். "ஆத்துல தல முழுகிட்டு வந்து, எனக்கு மவ செத்துட்டான்னு இதே கோயில் வாசல்ல வேலப்பன் சொன்னத நாங்க எல்லாரும் கேட்டோம்ல. அப்புறம் யாருக்கு என்ன ஆவப் போவுது?"

வேலப்பன் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூழ் அண்டாவுக்குப் பின்னால் புகை மண்டிய இடத்தில் தங்கம்மா அவரை மடக்கினாள். காப்புக்காரர் என்பதால் ஒரு வாரமாக ஒருவேளைச் சாப்பாடு. கண் உள்ளே போயிருந்தது.

"அவளுக்குத் தெரியும்."

"எவளுக்கு?"

"எவளுக்குன்னு ஒங்களுக்குத் தெரியும்."

"செத்தவ பேர எடுக்காத."

"செத்தவளா? கோலா தெர்லாவுல கோசு மூட்ட கட்டிக்கிட்டு இருக்கா. கூப்புடு தூரம். நீங்க போங்கன்னு சொல்லல, காப்புக் கட்டுனவரு எல்ல தாண்டக் கூடாது. நான் போயி நம்பரக் கேட்டுட்டு வந்துடறேன்."

"அவ இருக்கற எடம் ஒனக்கெப்படித் தெரியும்?"

தங்கம்மா புகையைச் சாக்காக வைத்துக் கண்ணைத் துடைத்தாள். மாசத்தில் ஒரு ஞாயிறு கம்போங் ராஜா பசாரில் கருவாடு வாங்கப் போவதாகச் சொல்லி மகளைப் பார்த்துவிட்டு வருகிற பெண்பிள்ளை அவள். வாங்கி வந்த கருவாட்டைச் சப்புக்கொட்டித் தின்றவர் இவர். அதையெல்லாம் இப்போது சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

"தெரியும். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவர் தடுக்கவும் இல்லை, போ என்றும் சொல்லவில்லை.

தோட்டத்து எல்லை ஒரு மரப்பாலம். காப்புக் கட்டிய அன்று எலுமிச்சம்பழம் அறுத்துப் போட்டு, இரண்டு பக்கமும் வேப்பிலை கட்டியிருந்தார்கள். அதைத் தாண்டி ஓட்டமும் நடையுமாகப் பெரிய ரோட்டுக்கு வந்து, காய்கறி ஏற்றப் போன காலி லோரி ஒன்றை மறித்து ஏறினாள். கோலா தெர்லா வளைவில் இறங்கும்போது மலைமேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

காய்கறித் தோட்டத்து முதலாளி தவுக்கேயின் கொட்டகையில் சரோஜா குத்தவைத்து உட்கார்ந்து முட்டைக்கோசின் வெளி இலையை உரித்துப் பழைய பேப்பரில் சுற்றிக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கோழி எரு நாற்றம் தொண்டையை அடைத்தது. அம்மாவைப் பார்த்ததும் கத்தியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள்.

"என்னாம்மா? இன்னைக்குத் தேருல்ல? அப்பாவுக்கு ஏதும்..."

"அப்பாவுக்கு ஒண்ணுமில்ல. பெட்டிப் பூட்டு நம்பரு. ஞாபகம் இருக்கா ஒனக்கு?"

மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். சரோஜா கேட்டுவிட்டு முதலில் சிரித்தாள். கடைசிச் சக்கரம் மட்டுந்தான் நகர்த்துவார் என்பது அவளுக்கே புதுச் செய்தி. இரும்பு என்ற பேச்சு வந்தபோது சிரிப்பு நின்றது. உள்ளே போய்ச் சுடச்சுட மைலோ கலக்கிக் கொண்டுவந்து அம்மாவின் கையில் வைத்தாள்.

"குடி மொதல்ல."

"குடிக்க நேரமில்ல. நம்பரச் சொல்லு. நான் ஓடணும்."

"இருக்கு, ஞாபகம் இருக்கு. ஆனா சொல்ல மாட்டேன்."

தங்கம்மா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நம்பரு வெச்ச அன்னைக்கு என்ன சொன்னாரு தெரியுமாம்மா? மனசுல வெச்சுக்கப்பான்னு நாந்தான் சொன்னேன். 'எனக்கெதுக்கு ஆத்தா நம்பரு, அதான் நீ இருக்கியே'ன்னாரு. அப்படிச் சொன்ன மனுஷன், நான் ஒருத்தனக் கட்டிக்கிட்டேன்னு ஆத்துல போய்த் தல முழுகிட்டு வந்தாரு. செத்தவகிட்ட நம்பரு கேக்கலாமா?"

"இப்ப அதப் பேசற நேரமாடி?"

"இப்பப் பேசாம எப்பப் பேசறது? நம்பர நான் சொல்லிட்டா நீ போயிடுவ. பெட்டி தொறந்துடும், தேரு ஓடிடும். நான் மறுபடியும் செத்தவதான்."

"ஒடைச்சா ஒனக்கு ஆகாதுடி! அந்தச் சம்மட்டி பெட்டி மேல விழாது, ஒந் தலையில விழும். பெத்த வயிறு எப்படித் துடிக்குது தெரியுமா?"

"அவருக்கும் துடிக்குதான்னு பாக்கணும்லா" என்றாள் சரோஜா. "மூணு வருஷமா அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

சரோஜாவின் புருஷன் விஜயன் லோரியைப் பின்னுக்கு எடுத்து நிறுத்திவிட்டு வந்தான். மாமியாரைப் பார்த்ததும் வாயிலிருந்த சிகரெட்டை எறிந்தான். வேறு சாதிக்காரன் என்பது தவிர அவனிடம் ஒரு குறையும் தங்கம்மாவால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. மனைவி சொன்னதைக் கேட்டுக்கொண்டு தலையைச் சொறிந்தான்.

"நம்பரச் சொல்றதும் சொல்லாததும் ஓம் பாடு. ஆனா இங்க ஒக்காந்துக்கிட்டுப் புடிவாதம் புடிச்சா அவருக்கு எப்படித் தெரியும்? ஏறு லோரியில. அத்தை, நீங்களும் ஏறுங்க. தவுக்கேகிட்ட நான் சொல்லிக்கறேன்."

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. லோரியின் துடைப்பான் ஒரு பக்கம்தான் வேலை செய்தது. தங்கம்மா மாரியாத்தா மாரியாத்தா என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். மணி என்ன என்று கேட்கவும் பயமாக இருந்தது. பாலத்தருகே லோரி நின்றதும் சரோஜா இறங்கி, வேப்பிலை கட்டிய தூணுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டாள்.

"வாடி!"

"அவரு கூப்பிடட்டும்."

கெஞ்ச நேரமில்லை. தங்கம்மா சேறு தெறிக்க மேட்டில் ஏறி ஓடினாள்.

கோயில் வாசலில் பெட்டியை ஒரு சாக்கின்மேல் இறக்கி வைத்திருந்தார்கள். வாத்தியார் விரல் கன்றி ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஃபேக்டரியிலிருந்து கொண்டுவந்த சம்மட்டி வேலப்பனின் கையில் இருந்தது. பூசாரி கற்பூரம் காட்டி, குற்றம் பொறுக்கச் சொல்லி வேண்டி முடித்திருந்தார்.

"வந்துட்டேன், நிறுத்துங்க!" என்று கத்தினாள் தங்கம்மா.

"நம்பரு கெடச்சிருச்சா?" என்றார் பழனியப்பன்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. புருஷனிடம் போய் நின்றாள். "பாலத்துக்கிட்ட நிக்கறா. நீங்க கூப்பிடாம வர மாட்டாளாம். நம்பரும் சொல்ல மாட்டாளாம்."

வேலப்பனின் முகம் கல்லாகிவிட்டது. "ஊரு பாக்க நான் போயி அவகிட்ட நிக்கணுமா? நடக்காது. தள்ளு."

"பெட்டிய ஒடச்சா அவளுக்குத்தான் ஆகாது."

"எனக்கு மவ இல்ல."

"சரிங்க" என்றாள் தங்கம்மா. அவளுக்கே தெரியாமல் அவள் குரல் அடங்கிப்போயிருந்தது. ஒதுங்கி நின்று வழி விட்டாள். "இல்லேன்னா அடிங்க."

வேலப்பன் சம்மட்டியை ஓங்கினார். ஓங்கிய மணிக்கட்டில் மஞ்சள் காப்பு நனைந்து சாயம் இறங்கிக் கொண்டிருந்தது. ஃபேக்டரியில் முழு நாளும் கொழுந்துக் கட்டு தூக்கிப் பழகிய கை அது. அந்தக் கை மேலேயே நின்றது, இறங்க மறுத்தது. அவர் பல்லைக் கடித்தார், கண்ணை மூடினார், இன்னொரு தரம் மூச்சை இழுத்தார். பிறகு சம்மட்டியைப் பக்கத்துச் சேற்றில் போட்டுவிட்டார்.

"என்னால ஆவாது" என்றார். "எம் புள்ளைக்கு ஆகாத காரியத்த நான் எப்படிச் செய்வேன்?"

சொல்லிவிட்டு மேல்துண்டைக்கூட எடுக்காமல் பாலத்தைப் பார்த்து நடந்தார். பழனியப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பூசாரி அவர் கையைப் பிடித்து அமர்த்தினார். தங்கம்மா பின்னாலேயே போனாள். வேலாயியும் போனாள். அவள் போகாத இடம் உண்டா?

பாலத்தின் இந்த முனையில் வேப்பிலைக்கு உள்ளே வேலப்பன் நின்றார். அந்த முனையில் சரோஜா நின்றாள். அவளுக்குப் பின்னால் விஜயன் ஒரு கோணிச்சாக்கைக் குடைபோல அவள் தலைக்குமேல் பிடித்திருந்தான். கீழே ஆறு செம்மண்ணாக ஓடியது.

"மழையில என்னாத்துக்கு நிக்கற?" என்றார் வேலப்பன். அதட்டலாகத்தான் வந்தது. "சளி புடிச்சா ஒனக்கு லேசுல விடாது."

"யாரச் சொல்றீங்க?"

அவர் தொண்டையைக் கனைத்தார். மழைத்தண்ணீர் மூக்கிலிருந்து சொட்டியது.

"சரோஜா" என்றார். அந்தப் பெயரை உச்சரித்து வெகுகாலமாகிவிட்டதால் முதல் தடவை சத்தமே எழும்பவில்லை. இரண்டாம் தடவை ஊருக்கே கேட்டது. "சரோஜா, வா ஆத்தா. எனக்குப் பெட்டி தொறக்கத் தெரியல."

சரோஜா தேம்பிக்கொண்டே பாலத்தைத் தாண்டி வந்தாள். விஜயன் சாக்கோடு அங்கேயே நின்றான். வேலப்பன் நாலடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"அவனையும் வரச் சொல்லு. லோரிய அந்த மேட்டுல ஏத்தி நிறுத்தச் சொல்லு, இங்க நின்னா சறுக்கும்" என்றார்.

கோயிலில் சரோஜா கையைத் துடைத்துக்கொண்டு பெட்டி முன் உட்கார்ந்தாள். பழனியப்பனும் வாத்தியாரும் எட்டிப் பார்க்க, அவள் உடம்பால் மறைத்துக்கொண்டாள். வேலப்பன் பக்கத்திலேயே இருந்தும் பூட்டைப் பார்க்கவில்லை, அம்மனைப் பார்த்தபடி நின்றார். நாலு தரம் சின்னதாக ஒரு சத்தம். பூட்டு கழன்று வந்தது. மூடியைத் தூக்கியதும் தாலியும் கண்மலரும் ஒட்டியாணமும் வைத்தது வைத்தபடி இருந்தன. "நான் அப்பவே சொன்னேன், வேலப்பண்ணன் அப்படிப்பட்டவரில்லன்னு" என்று வேலாயி முதல் ஆளாகக் குலவை போட்டாள்.

மழை வெறித்ததும் தேர் புறப்பட்டது. டிராக்டர் அந்த வளைவில் திணறியபோது பின்னாலிருந்து தள்ளியவர்களில் விஜயனும் இருந்தான். வேறு சாதிக்காரன் தோள் என்று யாரும் அதைத் தட்டிவிடவில்லை.

மறுநாள் மஞ்சள் நீர் ஊற்றி முடிந்து காப்பை அவிழ்த்தார்கள். நகைகளைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாகிவிட்டது. சரோஜாவும் விஜயனும் வேலப்பன் வீட்டில் பருப்புக் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு விடியற்காலையிலேயே வேலைக்குத் திரும்பியிருந்தார்கள்.

பழனியப்பன் பெட்டியருகே வந்தார். "வேலப்பா, பூட்டு இப்பத் தொறந்து கெடக்கும்போதே நம்பர மாத்திடு. இல்லாட்டி பாத்து வெச்சுக்க. வெளியாளுக்குத் தெரிஞ்ச நம்பரு நமக்கு வேணாம்."

"வெளியாளா? யாரு?" என்றார் வேலப்பன்.

பழனியப்பன் பதில் தேடுவதற்குள் அவர் பூட்டை மாட்டி அழுத்தினார். பிறகு, ஒருநாளும் செய்யாத வேலையாக, நாலு சக்கரங்களையும் கட்டைவிரலால் மேலும் கீழுமாகத் தாறுமாறாக உருட்டிவிட்டார். தங்கம்மா பதறிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

"நம்பரப் பாத்தீங்களா?"

"இல்ல."

"ஐயோ, என்னாங்க இது! அடுத்த வருஷம் பெட்டிய எப்படித் தொறக்கறது?"

"எனக்கெதுக்குப் புள்ள நம்பரு?" என்றார் வேலப்பன். பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். "அதான் அவ இருக்கால்ல. வந்து தொறப்பா."